ஆடி மாதம் நான் பார்த்த தொட்டி

சென்ற மாதம் படப்பையில் ஒரு தொண்டு நிறுவனத்தார் புதிதாகச் சேர்ந்த களப்பணியாளர்களுக்குப் பயிற்சி நடத்தினார்கள். இதே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்கிற முறையில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது களத்தில் பார்ப்பதையெல்லாம் போனிலேயே பதிந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என்று இரண்டே பொத்தான்கள். ஒரு பெண் எனக்கு அதைச் செய்து காட்டிவிட்டுக் கேட்டாள்:

"மேடம், ஒரு அமைப்பு ஒழுங்கா வேலை செய்ய முடியாம போறதுக்கு முக்கியமான காரணம் எது? நிதியா, ஆள் நிக்காததா, கவர்மெண்ட் ஒத்துழைக்காததா?"

மூன்றும்தான் என்றேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பெரிய காரணம் அந்த மூன்றில் இல்லை. அதை மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் இந்த வேலைக்குச் சேர்ந்தது 2006இல். அதற்கு முன் வாலாஜாபாத் பக்கம் பால்வாடி, முதியோர் கல்வி என்று பல வருடங்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த சமயம். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துப் பெண்கள் பிளஸ் டூ முடித்த கையோடு பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்காக வேலை செய்ய ஒரு சிறிய நிறுவனம் சுங்குவார்சத்திரத்தில், ஒரு சிமெண்ட் கடை மாடியில், இரண்டு அறைகளில் தொடங்கப்பட்டது. அதில் கள ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். எனக்குக் கீழே இரண்டு களப்பணியாளர்கள். மேலே தனஞ்செயன் சார்.

முதல் இரண்டு வருடங்கள் நாங்கள் யார் என்று விளக்குவதிலேயே போயின. பஞ்சாயத்துத் தலைவர் மூன்று கேள்வி கேட்பார்: "கட்சியா, மதமா, யூனியனா?" தொழிற்சாலைக்காரர்கள் எங்களை யூனியனின் ஆட்கள் என்று சந்தேகப்பட்டார்கள். யூனியன்காரர்கள் எங்களைத் தொழிற்சாலையின் ஆட்கள் என்றார்கள். போதாதற்கு எங்களைப் போலவே இன்னும் நாலைந்து அமைப்புகள் அதே சாலையில். ஒருவர் யாரைப் பார்க்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதில் எல்லோருமே கவனமாக இருந்தோம். ஒரு வாடகை வீட்டில் கை கழுவுவது பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஒரு பெண் சிரித்தபடி இரண்டு கையையும் நீட்டினாள். "திங்கக்கிழம ஒரு அக்கா கழுவச் சொன்னாவ. புதன்கிழம இன்னொரு அக்கா. கழுவிக் கழுவி ரேகையே போச்சுக்கா."

தனஞ்செயன் சார் அதற்கு முன் ஒரு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். எங்களில் யார் அறைக்குள் வந்தாலும், பெருக்க வரும் அம்மா உட்பட, எழுந்து நின்று "வாங்க" என்பார். பாராட்டுகிற வழக்கம் கிடையாது. "சரி, அடுத்தது" என்று அவர் சொன்னால் வேலை நன்றாக இருக்கிறது என்று பொருள்.

களத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வைத்திருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டு, பக்கத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதல் பகுதியின் தலைப்பு பார்த்தது. அடுத்தது கேட்டது. கடைசி, நினைத்தது. பார்த்ததில் "போல", "மாதிரி" என்ற சொற்கள் வரக் கூடாது. கேட்டதில், சொன்னவருடைய வார்த்தை அப்படியே இருக்க வேண்டும். சனிக்கிழமை பதினோரு மணிக்கு நோட்டுகளோடு உட்காருவோம். முதல் இரண்டு பகுதிகள் அறிக்கைக்குப் போகும். மூன்றாவது எங்களோடு நின்றுவிடும்.

ஆரம்பத்தில் ஒருமுறை, பார்த்ததில் "அறை அசுத்தமாக இருந்தது" என்று எழுதியிருந்தேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். பதில் வேண்டும் என்றால் கழற்றுவார்.

"அசுத்தத்தை எப்படிம்மா பார்த்தீங்க? அங்க என்ன இருந்தது?"

"கழுவாத தட்டு சார். ஏழெட்டு. ஈ மொய்ச்சுக்கிட்டிருந்தது."

"அப்ப அதை எழுதுங்க. அசுத்தம்ங்கறது உங்க முடிவு. தட்டையும் ஈயையும் யாரும் மறுக்க முடியாது."

எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நானே கற்றுக்கொடுத்தேன். அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் கெட்டிக்காரி மேகலா. மணிமங்கலத்துப் பெண். எந்தக் கதவையும் தட்டத் தயங்கமாட்டாள். மூன்று வருடம் எங்களோடு இருந்தாள். பிறகு ஒருநாள் இனிப்போடு வந்து நின்றாள்.

"கோச்சிக்காதீங்க மேடம். காண்ட்ராக்ட் கம்பெனில வெல்ஃபேர் ஆபீசர் வேலை குட்த்துக்கீறாங்க. வூட்டுக்கு நான்தான் மூத்தவ. வேற இன்னா செய்யறது?"

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நாங்கள் பயிற்சி கொடுத்து, அவர்கள் எடுத்துக்கொண்டவர்களில் அவள் மூன்றாவது. அந்தக் கம்பெனியை நடத்தியவர், தொழிற்சாலைகளுக்குப் பெண்களை அனுப்பி, அவர்களைத் தங்கவும் வைத்த ஒப்பந்தக்காரர். எங்களுடைய வேலையில் பெரும்பகுதி அவருடைய ஹாஸ்டல்களில்தான் நடந்தது.

ஹாஸ்டலுக்குள் நுழையவே எங்களுக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது. கடைசியில் அனுமதிக் கடிதம் நான்கு நிபந்தனைகளோடு வந்தது. மூன்றாவது நிபந்தனை: உள்ளே கண்ட எதையும் நிர்வாகத்தின் ஒப்புதல் இல்லாமல் வெளியாரிடம் தெரிவிக்கக் கூடாது. சார் அதன் பக்கத்தில் "உயிருக்கு ஆபத்தான நிலை நீங்கலாக" என்று தன் கையால் எழுதித் திருப்பி அனுப்பினார். அந்த வரி இல்லாமல் புதிதாக அடித்த கடிதம் வந்தது. இரண்டு நாள் மேசை மேல் வைத்திருந்தார். மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டு எங்கள் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்.

"வெளியில நின்னா நம்ம கை சுத்தமா இருக்கும். அந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. உள்ள போகலாம். இது தப்பா முடிஞ்சா என் தப்பு."

இனி நான் எழுத வேண்டியது 2012ஆம் வருடத்துச் சங்கதி.

வல்லக்கோட்டை போகிற சாலையில் ஒரு நான்கு மாடி ஹாஸ்டல். கல்யாண மண்டபமாகக் கட்ட ஆரம்பித்து, பாதியில் ஹாஸ்டலாக மாற்றியது. அறைக்குப் பன்னிரண்டு பேர். ஒரு ஷிப்ட் முடித்து வருகிறவள், அடுத்த ஷிப்டுக்குப் போனவளின் பாயில் படுப்பாள். அங்கே நான் நடத்தும் வகுப்புகளுக்கு எப்போதும் கூட்டம் இருக்கும். முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவள் பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கம். இருபது வயது. நான் ஒன்று சொன்னால் அவள் மூன்று கேட்பாள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"எக்கா, தண்ணி ஒரு மாதிரி வாட அடிக்கு. வாங்க, ஒண்ணு காட்டுதேன்."

கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப் போனாள். தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. அதன் சிமெண்ட் மூடி ஒரு மூலையில் உடைந்து, உள்ளே தண்ணீர் தெரிந்தது. அங்கிருந்து நாலு எட்டில் கழிவுத் தொட்டி. அதன் சுவர் ஓரம் ஈரம் கசிந்து, மண் கறுத்து, தண்ணீர்த் தொட்டிவரை ஒரு கோடாக வந்திருந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"பாத்தியளா?"

"பாத்தேன். நான் சொல்றேன்" என்றேன்.

அலுவலகத்துக்கு வந்து நோட்டைத் திறந்தேன். ஆவணியில் நிதி தரும் நிறுவனத்திலிருந்து மதிப்பீட்டுக்கு வருவதாக இருந்தது. திட்டம் இன்னும் மூன்று வருடம் தொடருமா, நிற்குமா என்பது அந்த வருகையைப் பொறுத்தது. அவர்களுக்குக் காட்ட நாங்கள் தேர்ந்தெடுத்திருந்தது இந்த ஹாஸ்டலைத்தான். தொட்டியைப் பற்றி நிர்வாகத்திடம் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வேறொரு ஹாஸ்டலில் கழிப்பறைக் கதவு பற்றிக் கேட்டதற்கே இரண்டு மாதம் உள்ளே விடவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நினைத்தது என்ற பகுதியில் எழுதினேன்: "தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியில்லையோ என்று தோன்றுகிறது." பேச்சியம்மாள் சொன்னதைக் கேட்டது என்ற பகுதியில் எழுதவில்லை.

சனிக்கிழமை சார் அந்த வரியில் விரலை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தோன்றுகிறதா? பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

"நினைச்சேன் சார்."

என் முகத்தையே பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். "சரி, அடுத்தது."

மதிப்பீட்டுக்காரர்கள் ஆவணியில் வரவில்லை. ஐப்பசிக்குத் தள்ளிவைத்தார்கள். தொட்டியைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் தள்ளிவைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மதிப்பீட்டுக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள், எல்லாம் தயாராக இருக்கிறதா என்று பார்க்க அந்த ஹாஸ்டலுக்குப் போனேன். பகல் பன்னிரண்டு மணி. வகுப்பு நடக்கும் கூடத்தில் பாதிக் கூட்டம்கூட இல்லை. முதல் வரிசையில் பேச்சியம்மாள் இல்லை.

"மத்தவங்க எங்கம்மா?"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். "லீவுல ஊருக்குப் போயிருக்காங்க" என்றார் வாசலில் நின்ற வார்டன்.

அவர் நகர்ந்ததும் நான் மாடி ஏறினேன். மூன்றாம் மாடிக் குளியலறையில் இரண்டு பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு தட்டில் கீழாநெல்லியைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தட்டை மறைத்தார்கள். ஒருத்தி நிமிர்ந்தபோது அவள் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி முழுக்க மஞ்சள்.

அறை அறையாகப் போனேன். ஏழு பேருக்கு அப்படி இருந்தது. கடைசி அறையில் இசக்கியம்மாள் என்ற பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் அவளுடைய பை கட்டித் தயாராக இருந்தது. பக்கத்தில் இருந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"மூணு நாளா கக்குதா. சாயங்காலம் நாலு மணிக்கு வேன் வருது. பெருங்களத்தூர்ல பஸ் ஏத்தி விட்டுருவாவ. எல்லாரயும் அப்படித்தான் அனுப்புதாவ. போன வாரம் பேச்சியும் போயிட்டா."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலையா?"

"போனா பேரு எழுதுவாவல்லா? பெறகு ஹாஸ்டல மூடிருவாவ. எக்கா, நீங்க வெளிய சொல்லிராதீய. சொன்னா எங்க எல்லாரு வேலையும் போயிரும்."

மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "சொல்லிராதீயக்கா." ஒருத்தி என் கையைப் பிடித்துக் கும்பிட்டாள். யாருக்காக நான் உள்ளே வந்தேனோ அவர்களே வாயைக் கட்டச் சொல்கிறார்கள். நான் குனிந்து இசக்கியம்மாளைத் தொட்டு எழுப்பினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"சித்தி, மாட்டுக்குத் தண்ணி வச்சாச்சா?"

இரண்டு வருடமாக என்னைத் தெரிந்த பெண். நான் யார் என்று சொன்னேன். மறுபடியும் மாட்டைப் பற்றியே கேட்டாள். பேச்சு குழறியது. மஞ்சள் காமாலையில் நினைவு தடுமாற ஆரம்பித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று நான்தான் அந்தக் கூடத்தில் வகுப்பெடுத்திருந்தேன்.

மணி ஒன்று ஆகப்போகிறது. மாடியில் நின்றபடியே சாருக்குப் போன் செய்தேன். மதிப்பீட்டுக்காரர்களை அழைத்துவர அவர் சென்னைக்குப் போயிருந்தார். நான் படபடவென்று பேசினேன்.

"இருங்க. பார்த்ததை மட்டும் சொல்லுங்க."

"ஏழு பேருக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு சார். ஒரு பொண்ணுக்கு என்னை அடையாளம் தெரியல. தண்ணித் தொட்டி மூடி உடைஞ்சிருக்கு. கழிவுத் தொட்டி கசிஞ்சு அதுவரைக்கும் வந்திருக்கு."

"தொட்டியை எப்ப பார்த்தீங்க? இன்னைக்கா?"

போனில் சென்னைத் தெருவின் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆடி மாசம் சார்."

சார் சொன்னார்: "ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. அந்தப் பொண்ணை முதல்ல வெளிய கொண்டு வாங்க. மத்தது நான் வந்து."

ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. பெண்கள் யார் வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும்; அதில் வெல்ஃபேர் ஆபீசர் கையெழுத்து இருக்க வேண்டும். செக்யூரிட்டி நான்கு முறை அதையே சொன்னார். வெல்ஃபேர் ஆபீசர் மேகலா.

கீழ்த்தளத்தில் அவளுடைய அறை. ஆம்புலன்ஸ் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். மேசை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மேகலா, ஒரு பாஸ் எழுது. இசக்கியம்மாளை இப்பவே கொண்டு போகணும்."

"மேடம், நாலு மணிக்கு வேன் வருது. ஊர்ல அவங்க அம்மா அப்பா பாத்துக்குவாங்க. எனக்கு அப்டித்தான் ஆர்டர் கீது."

"அவ ஊர் போய்ச் சேரமாட்டா."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. நீ ஒரு தடவை மேல வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் சொல்லு."

அவள் தலையை ஆட்டினாள். "வரமாட்டேன் மேடம்."

"ஏன்?"

"வந்தா, பாத்தது ஆயிடும்."

நான் சொல்லிக்கொடுத்ததுதான். பார்க்காவிட்டால் எழுத வேண்டாம். எழுதாவிட்டால் எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் அவள் என்னைவிட நேர்மையாக இருந்தாள். நான் பார்த்துவிட்டே பார்க்கவில்லை என்று எழுதியவள்.

"நான் ஆடி மாசமே தொட்டியைப் பாத்தேன், மேகலா. நினைச்சதுல எழுதி மூடி வெச்சிட்டேன். உன்னைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனா மேல ஒருத்தி என்னைச் சித்தின்னு கூப்பிடறா."

வெளியே ஆம்புலன்ஸ்காரர் கேட்டைத் தட்டினார். மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைத் தாண்டி மாடிப்படி ஏறினாள். இரண்டு நிமிடம்கூட இருக்காது. இறங்கி வந்தவள் நின்றபடியே பாஸ் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் "மஞ்சள் காமாலை, நினைவு இல்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

"போங்க மேடம். சீக்கிரம் போங்க."

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர் இசக்கியம்மாளின் கண்ணைத் திறந்து பார்த்ததுமே உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கல்லீரல் மிகவும் பாதிக்கப்பட்டிருப்பதாகவும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்பேன் என்றும் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்: "இது ஒருத்தரோட நிக்காது. அங்க தண்ணி எப்படி?"

மறுநாள் காலை எட்டு மணிக்கே சாரும் நானும் அலுவலகத்தில் இருந்தோம். எங்கள் வகுப்புப் பதிவேட்டில் பெண்களின் ஊர், வீட்டுப் போன் நம்பர் எல்லாம் இருந்தன. ஊருக்கு அனுப்பப்பட்டதாக ஹாஸ்டல் பெண்கள் சொன்னவர்களின் பெயர்களை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆறு பேர் கிடைத்தார்கள். இரண்டு பேர் தேறியிருந்தார்கள். நான்கு பேர் படுக்கையில். இன்றைக்கே கூட்டிப் போகிறோம் என்றார்கள். ஏழாவது பேச்சியம்மாள் வீடு. அவளுடைய அப்பா எடுத்தார்.

"பேச்சியம்மாள் இருக்காளா ஐயா? நான் ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து பேசறேன்."

"அவ போயி நாலு நாளாச்சேம்மா."

எனக்குப் புரியவில்லை. "எங்க போயிருக்கா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் அழுகை கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

பத்து மணிக்கு மதிப்பீட்டுக்காரர்கள் வருவதாக இருந்தது. ஒன்பது மணிக்குச் சார் சுகாதாரத் துறைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நான் பார்த்ததைச் சொல்லச் சொல்ல, தன் கையால் எழுதினார். தொட்டி என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"தேதி போடணும்."

"போட்டா நம்ம மேலயும் வரும் சார்."

"வரும். போடலைன்னா மத்தது எதுவும் நிக்காது." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அன்னைக்கு நீங்க 'நினைச்சேன்'னு சொன்னப்ப உங்க முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சுது. அடுத்த மாசம் மதிப்பீடு இருக்கே, கேக்க வேண்டாம்னு பக்கத்தைத் திருப்பினேன். அதையும் எழுதறேன்."

எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டோம். வந்தவர்களிடம் ஹாஸ்டலைக் காட்ட முடியாது என்று சொல்லி, அந்தக் கடிதத்தின் நகலைக் கொடுத்தார். வந்திருந்த அம்மையார் இரண்டு முறை படித்துவிட்டு, இது உங்கள் திட்டத்தின் வரம்புக்குள் வருகிறதா என்று கேட்டார். "இல்லை" என்றார் சார். அந்த அம்மையார் வரம்பைப் பற்றிக் கேட்டது தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. நாங்களும் மூன்று மாதம் அதையேதான் அவரவர் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று மாலையே சுகாதாரத் துறையினர் வந்தார்கள். தண்ணீரைச் சோதித்தார்கள். தொட்டியை மூடினார்கள். பெண்களை வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்தார்கள். ஹாஸ்டல் மூடப்பட்டு, பெண்கள் நாலைந்து இடங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். பலர் பயந்தபடியே வேலையை இழந்தார்கள். பை தூக்கிக்கொண்டு வேனில் ஏறிய ஒருத்தி என்னைப் பார்த்து, "இப்பம் நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இசக்கியம்மாள் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து எழுந்தாள். ஊருக்குப் போகும் முன் எங்கள் மாடிக்கு வந்தாள். மாட்டைப் பற்றிக் கேட்டது அவளுக்கு நினைவே இல்லை.

மேகலாவை மறுவாரமே அனுப்பிவிட்டார்கள். அவளைத் திரும்பவும் எங்களோடு சேர்த்துக்கொள்ள முடியவில்லை; எங்கள் ஹாஸ்டல் திட்டத்துக்கு வந்த நிதி நின்றுபோயிருந்தது. பிறகு படப்பையில் ஒரு துணிக்கடையில் அவளைப் பார்த்தேன். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். பாத்தேன், எழுதினேன். அவ்ளோதான்" என்றாள்.

ஒப்பந்தக்காரர்கள் யாரும் அதற்குப் பிறகு எங்களை ஹாஸ்டலுக்குள் விடவில்லை. 2015இல் நான் ஓய்வு பெறும்வரை, ஷிப்ட் மாறும் நேரத்தில் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் நின்றுதான் பெண்களைப் பார்த்தோம். பத்துப் பேரில் ஒருவர் நிற்பார். முன்பு செய்ததில் கால்வாசிகூடச் செய்ய முடியவில்லை. மற்ற அமைப்புகள் எங்களைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டன. அதாவது, இன்னும் கவனமாக வாயை மூடிக்கொண்டன.

இதெல்லாம் பயிற்சியில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில். இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது.

கார்த்திகையில் சாரிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சங்கரன்கோவிலில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, பேச்சியம்மாளின் ஊருக்குக் காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவளுடைய அப்பா வாசலில் வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கையை உதறிவிட்டு வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"கஸ்தூரி அக்கான்னு சொல்லுவாளே, அந்த அக்காவா நீங்க?"

"ஆமாய்யா."

"உங்களப் பத்தி நெறய சொல்லுவா. ஒரு நாளு போன்ல சொன்னா, தண்ணி சரியில்லப்பா, ஆனா அக்காட்ட காட்டிருக்கேன், அவிய பாத்துட்டுப் போயிருக்காவ, சரி பண்ணிருவாவன்னு."

நான் அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வந்த வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அனுமதிக் கடிதம், மதிப்பீடு, மற்ற ஹாஸ்டல் பெண்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"பாத்தேன்யா. ஆடி மாசம் பாத்தேன். யார்ட்டயும் சொல்லல. உள்ள விடமாட்டாங்கன்னு பயந்து சொல்லாம இருந்துட்டேன்."

அவர் என் எதிரே தரையில் உட்கார்ந்தார். விரலை மடக்கினார். "ஆடி. ஆவணி. பொரட்டாசி." ஐப்பசிக்கு விரலை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார். தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள்; அவரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அவர் திரும்பவில்லை. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"உள்ள அவ அம்மை இருக்கா. அவட்டயும் நீங்களே சொல்லிருங்க. எனக்குச் சொல்லத் தெம்பில்ல."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.